ஐஸில் வந்த மீன், நடந்து வந்த சனம்

நுவரெலியாவில் தை, மாசி விடியல்களில் சில நாட்கள் புல்லின் மேல் உறைபனி கிடக்கும். கொழும்பிலிருந்து போகிறவர்கள் அதைப் படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அது வேறு கதை. பனி படிந்த கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப்போகும். கொழுந்து குறைந்தால் பேரும் குறையும்.

இந்தக் குளிரை நம்பி 1880களின் தொடக்கத்தில் ஒரு மீனை இங்கே கொண்டுவந்தார்கள். பெயர் ட்ரவுட். தமிழில் அதற்கு வேறு பெயர் இல்லை, நாங்களும் ட்ரவுட் என்றே எழுதுகிறோம். ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன் அது. அதை, பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை மட்டும் வடக்கே இருக்கிற ஒரு தீவுக்கு ஏன் கொண்டுவந்தார்கள், எப்படிக் கொண்டுவந்தார்கள் எண்டு தேடத் தொடங்கியபோது, மீனைப் பற்றி மட்டும் படித்துவிட்டு நிறுத்த முடியவில்லை. மலையகத்தின் கதை முழுக்க அந்தத் தண்ணீருக்குள்ளே கிடக்கிறது. எங்களில் சிலர் லயத்தில் பிறந்தவர்கள், சிலர் வடக்கில் பிறந்தவர்கள். இரண்டு தரப்பாருக்கும் இந்தக் கதை புதிதாகத்தான் இருந்தது.

முதலில் எப்படி என்பதைப் பார்ப்போம். ட்ரவுட் முட்டைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது எப்போது பொரிக்கும் என்பதைத் தண்ணீரின் குளிர்தான் தீர்மானிக்கிறது. பத்துப் பாகை செல்சியஸ் தண்ணீரில் கிட்டத்தட்ட ஆறு கிழமையில் பொரிக்கும். ஐந்து பாகையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நாள் எடுக்கும். அதாவது முட்டையை ஐஸில் வைத்தால் அதன் மணிக்கூடு மெதுவாகிறது. நிற்பதில்லை, மெதுவாகிறது. இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் 1864இல் நோர்ஃபோக் என்ற பாய்க்கப்பலில், ஈரப் பாசிக்குள் பொதிந்த முட்டைகளை ஐஸ் அறையில் வைத்து இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதப் பயணம். உண்மையில் அவர்கள் ஆசைப்பட்டது சால்மன் மீனுக்கு. ஒரு லட்சத்துக்கு மேல் சால்மன் முட்டைகளோடு, மூவாயிரம் அளவு ட்ரவுட் முட்டைகளும் கூடப் போயின. தஸ்மேனியாவில் பொரித்த சால்மன்கள் கடலுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. சும்மா கூடப் போன ட்ரவுட்தான் பிழைத்தது. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனது.

அதற்குப் பிறகு பிரித்தானியர் எங்கெல்லாம் மலை ஏறினார்களோ அங்கெல்லாம் ட்ரவுட்டும் ஏறியது. நீலகிரியில் பிரான்சிஸ் டே 1860களிலேயே முயன்று தோற்றார். நூறு மீன் இனங்களுக்கு மேல் வகைப்படுத்திய பெரிய மீனியலாளர், ஆனால் இந்த ஒரு மீன் அவருக்கு வசப்படவில்லை. அங்கே அது நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். காஷ்மீரிலும் கென்யாவிலும் அதே காலத்தை ஒட்டித்தான். நுவரெலியா இவர்களுக்கு முந்திக்கொண்டது. 1882இல் பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் இங்கே வந்ததாக மீனியல் நூல்கள் பதிந்திருக்கின்றன. புகையிரதம் நானுஓயாவை எட்டியது 1885இல். ஆகவே அந்தப் பெட்டிகள் கடைசி ஏற்றத்தை வண்டியிலோ ஆள் சுமையிலோதான் ஏறியிருக்க வேண்டும். கீழ்நாட்டு வெக்கையில் ஐஸ் உருக உருக, 1868 மீற்றர் உயரத்துக்கு. அந்த அவசரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ.

இனி ஏன் என்பது. நுவரெலியாவை ஒரு குட்டி இங்கிலாந்தாக ஆக்கும் வேலை 1840களில் சாமுவேல் பேக்கரோடு தொடங்கிவிட்டது. அவர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டவர். 1873இல் கவர்னர் வில்லியம் கிரகரி சதுப்பு நிலத்தை மறித்து வாவி கட்டினார். கவர்னரின் பெயர் வாவிக்கு நின்றது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. குதிரைப் பந்தயம் வந்தது, 1876இல் ஹில் கிளப் வந்தது. ஒரு ஆங்கில ஊருக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, ஓடையில் மீன் மட்டும் குறை. தூண்டிலோடு பனிக் காலையில் ஓடைக் கரையில் நிற்பது என்பது அவர்கள் ஊரில் கனவான்களின் பொழுதுபோக்கு. தின்பதற்காகப் பிடிப்பதல்ல அது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்து, அதைத் தண்ணீர் மேல் தட்டுவதுபோல் எறிந்து, மீனை ஏமாற்றிப் பிடிப்பதில்தான் பெருமை. புழுவைக் குத்திப் போட்டால் அது தரக்குறைவு.

அந்த இறகைப் பற்றி ஒரு சின்னத் தகவல், எங்களால் சொல்லாமல் விட முடியவில்லை. ட்ரவுட் பூச்சி, சால்மன் பூச்சி கட்டுகிறவர்கள் அதிகம் விரும்பிய இறகுகளில் ஒன்று சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் கோழி அது. இறகு தமிழ்நாட்டு மலைகளிலிருந்தும் கேரள மலைகளிலிருந்தும் பிரித்தானியாவுக்குப் போகும். அங்கே கொக்கியில் ஏறி, பூச்சியாகி, துரைமாரின் பெட்டிக்குள் திரும்ப இந்தப் பக்கம் வரும். இந்தியா பிறகு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கோ. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டு கண்டார்கள். கோப்பி இலைத்துரு நோய். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் இலங்கைக் கோப்பி படுத்துவிட்டது. 1884 மே மாதத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. தோட்டங்கள் கைமாறின, சம்பளப் பாக்கி கிடந்தது, தொழிலாளர்களில் பெருந்தொகையானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இந்த வீழ்ச்சியின் நட்ட நடுவில், 1882இல், ஐஸ் பெட்டியில் மீன் முட்டை வருகிறது. எல்லாத் துரைமாரும் மீனில் காசு கொட்டினார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. பலர் கடனில் மூழ்கி நாட்டைவிட்டே போனவர்கள். ஆனால் ஒரு சமூகம் எதைக் கவனமாக எண்ணியது, எதை எண்ணவில்லை என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காணலாம்.

முட்டை எண்ணப்பட்டது. எத்தனை வந்தது, எத்தனை பொரித்தது, எத்தனை ஓடையில் விடப்பட்டது என்று கணக்கு வைக்காமல் மீன் வளர்க்கவே முடியாது. அதே மலைக்கு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்த சனத்தின் கணக்கு என்ன? எத்தனை பேர் புறப்பட்டார்கள், கொலராவிலும் பசியிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் ஒரே எண்ணுக்கு வரவில்லை. ஒருவருக்கொருவர் எதிர்த்து வாதாடுகிறார்கள். காரணம் எளிது. அப்போது ஒழுங்காக எண்ண வேண்டும் என்று ஆருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயர் சி.ஜே.ஆர். லெ மெசூரியர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். கிரகரி வாவியில் ட்ரவுட் விட்டவர் என்று சொல்லப்படுவது இவரைத்தான். சட்டம் படிக்கிற எங்கள் நண்பர்களுக்கு இந்தப் பெயர் வேறு இடத்தில் பழக்கம். கணவன் மனைவி எந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் கொண்டிருக்கிறார்களோ அந்த நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் விவாகரத்து அதிகாரம் உண்டு என்று பிரிவி கவுன்சில் 1895இல் தீர்ப்புச் சொன்ன வழக்கு இவருடைய சொந்த வழக்கு. லெ மெசூரியர் எதிர் லெ மெசூரியர். மீன் விட்ட மனிதரும் பாடப்புத்தக வழக்கின் மனிதரும் ஒரே ஆள் என்று தெரிந்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் சிரிப்பு அதோடு முடிந்தது. ஏனென்றால் வலப்பனையைப் பற்றிப் பேசியவரும் இதே ஆள்தான். வலப்பனை நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், சிங்கள விவசாயிகளின் வயல் பூமி. அரசு நெல்லுக்குத் தானிய வரி வாங்கியது. 1880களில் அந்த வரியைக் காசாகக் கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. சில வயல்கள் அற்ப காசுக்குப் போயின. வயல் போன குடும்பங்கள் அலைந்தன, பட்டினியிலும் நோயிலும் மடிந்தன. இதை வெளியில் கொண்டுவந்தவர்களில் லெ மெசூரியர் முக்கியமானவர். அரசின் அதிகாரியே அரசின் வரியால் சனம் செத்தது என்று எழுதியதால் சர்ச்சை லண்டன் வரை போனது. 1892இல் தானிய வரி ஒழிக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயம் பலர் கவனிக்காதது. நெல் வரி போனது, ஆனால் இறக்குமதி அரிசிக்கான வரி போகவில்லை. இறக்குமதி அரிசியை அதிகம் தின்றது ஆர்? தோட்டத்துச் சனம். கங்காணி கணக்கில் அரிசி எடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்ளப்பட்டவர்கள். சிங்கள விவசாயிக்குக் கிடைத்த சின்ன நிவாரணத்தின் பக்கத்திலேயே தமிழ்த் தொழிலாளியின் சுமை அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தார்கள், ஒரு மலைச்சரிவின் மேலும் கீழும். இரண்டு பேரையும் வேறு வேறு கணக்குப் புத்தகத்தில் எழுதியதுதான் காலனி ஆட்சியின் கெட்டித்தனம். அதை நாங்கள் இன்றைக்கும் வேறு வேறு புத்தகத்தில்தான் படிக்கிறோம்.

லெ மெசூரியரை நாங்கள் வீரராக்க வரவில்லை, வில்லனாக்கவும் வரவில்லை. 1893இல் நுவரெலியா மாவட்டக் கைந்நூல் ஒன்றையும் எழுதினார். மாவட்டத்தை நேசித்த மனிதர் என்றே தோன்றுகிறது. ஒரு வாவிக்கு மீனும் வேண்டும், ஒரு வயலுக்கு நீதியும் வேண்டும் என்று அவரால் ஒரே தலைக்குள் நினைக்க முடிந்திருக்கிறது.

சரி, மீனுக்கு என்ன ஆனது? பிரவுன் ட்ரவுட் பிழைத்தது, வளர்ந்தது, ஆனால் இங்கே சரியாகப் பெருகவில்லை. அதற்கு இலையுதிர் காலம் வேண்டும். பகல் குறுகி, தண்ணீர் குளிர்ந்துகொண்டு போகும்போதுதான் அது முட்டையிடத் தயாராகும். நுவரெலியாவில் குளிர் இருக்கிறது, ஆனால் பருவம் இல்லை. தை மாத விடியலில் உறைபனி, மத்தியானத்தில் வெயில். வருஷம் முழுக்கப் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. மீனுக்கு நாட்காட்டி குழம்பிப்போகும். அதனால் பொரிப்பகம் வைத்து, குஞ்சு பொரித்து, திரும்பத் திரும்ப ஓடையில் விட வேண்டியிருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். அது வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து மீன். கொஞ்சம் கூடிய வெப்பத்தையும் தாங்கும். ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் அது தானே முட்டையிட்டுப் பெருகியது. ஆக, குட்டி இங்கிலாந்தில் கடைசியில் நிலைத்தது இங்கிலாந்து மீன் அல்ல, அமெரிக்க மீன். துரைமாருக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லைப் போல.

மீன் நிலைத்ததும் அதற்கு ஒரு கழகம் வந்தது, சிலோன் ஃபிஷிங் கிளப். பொரிப்பகத்தையும் ஓடைகளையும் பார்த்துக்கொண்டது, அனுமதிச்சீட்டுக் கொடுத்தது. சீட்டு இருந்தால் நீங்கள் ஓடை ஓடையாக நடக்கலாம். அதே காலத்தில் அதே மலையில் இன்னொரு சீட்டும் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு தொழிலாளி அல்லது ஒரு கங்காணியின் முழுக் கூட்டமும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய கடதாசி. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். கட்டாவிட்டால் நகர முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை மனிதர்கள் கடனோடு கைமாறினார்கள். ஒரு கடதாசி ஆளை எங்கேயும் போகவிடுகிறது, இன்னொரு கடதாசி ஆளை நிற்க வைக்கிறது. இரண்டும் ஒரே மலையில், சில மைல் தூரத்துக்குள்.

துண்டு போன பிறகும் தோட்டம் தனியார் நிலமாகவே இருந்தது. 1930களிலும் 40களிலும் சங்கம் கட்ட வந்தவர்கள்மீது அத்துமீறல் வழக்குகள் போடப்பட்டன. லயத்துக்கு விருந்தாளி வருவதற்கே துரையின் சம்மதம் வேண்டியிருந்தது.

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. ஹில் கிளப்பின் கதவு இலங்கையருக்குத் திறக்கப் பிறகும் பல வருஷம் எடுத்தது. தோட்டத்துச் சனத்துக்கு அதே வருஷத்திலேயே நாட்டின் கதவு சாத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் கடதாசியில் காட்டவும் வேண்டும். பிறப்பைப் பதியாத லயத்தில் பிறந்தவனிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். கோப்பிக் காலத்தில், 1882க்குப் பல வருஷம் முந்தி இந்த மலைக்கு வந்த குடும்பங்களும் அதில் நாடற்றவர்கள் ஆயின. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்குபோட்டன. மிச்சம் இருந்தவர்களுக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. சூழலியல் படிக்கிற நண்பர் ஒருவர் ட்ரவுட்டை அந்நிய இனம் என்றார். அதுதான் துறையின் சொல், பிழையே இல்லை. ஆனால் லயத்தில் பிறந்த நண்பருக்கு அந்தச் சொல் சுட்டது. கள்ளத்தோணி, வந்தேறி, இந்தியாக்காரன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்நியன் என்ற சொல் மீன் மேல் விழுந்தாலும் வலிக்கத்தான் செய்யும். அப்ப மீனையும் திருப்பி அனுப்பச் சொல்லுவினமோ எண்டு அவர் கேட்டார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் பிரித்துப் பார்த்தோம். தோட்டத்துச் சனம் காட்டை அழிக்கத் தீர்மானித்தவர்கள் அல்ல, அழிக்க வைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய உழைப்பில்தான் நாடு 150 வருஷத்துக்கு மேல் சாப்பிட்டது. மீன் அப்படியல்ல. அது ஒரு சிலரின் பொழுதுபோக்குக்காக, அதற்குப் பழக்கமே இல்லாத தண்ணீரில் விடப்பட்ட வேட்டைப் பிராணி. மனிதரை ஒரு இனத்தின் பட்டியலில் போட்டுப் பேசுகிற பேச்சுத்தான் நஞ்சு. அந்தப் பேச்சுக்குப் பயந்து ஓடையில் நடப்பதைப் பார்க்காமல் இருக்கவும் கூடாது. இது எங்கள் எல்லாருடைய முடிவும் அல்ல, பெரும்பான்மையின் முடிவு.

ஓடையில் நடப்பது இதுதான். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அங்கேதான். கீழிருந்து மீன்கள் ஏறமுடியாதபடி நீர்வீழ்ச்சிகள் மறித்து நிற்கின்றன. பேக்கரின் பெயரைக் கொண்ட அருவியும் அதில் ஒன்று. அந்த உயரத்து ஓடைகளில் பெரிய வேட்டைக்கார மீன் இல்லாமலேயே தவளைகளும் பூச்சிகளும் இறால்களும் காலம் காலமாக வாழ்ந்தன. ஒளிந்துகொள்ளக் கற்க வேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. அங்கே லங்காரிஸ் சிங்களென்சிஸ் என்று ஒரு சின்ன இறால் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. பதினைந்து பாகைக்குக் குறைந்த தண்ணீரில்தான் வாழும். இன்றைக்கு அது ஓடையொன்றின் சுமார் 10 கிலோமீற்றர் நீளத்துக்குள் மட்டும் ஒதுங்கிவிட்டது. ட்ரவுட்டுக்கும் அதே குளிர்தான் வேண்டும், அதே தண்ணீர்தான் வேண்டும். ட்ரவுட் இறாலைத் தின்னும்.

காடு பற்றிச் சொன்னால், 1873இலேயே தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடச் சொன்னார். சமவெளி தப்பியது அதனால்தான். 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் உலக மரபுரிமை. மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு தண்ணீருக்குள் இருந்த சின்ன உயிருக்குக் கிடைக்கவில்லை. மரம் கண்ணுக்குத் தெரியும், இறால் தெரியாது.

பூமி சூடாகச் சூடாக, பதினைந்து பாகைக் கோடு மலையில் மேலே மேலே ஏறும். சமவெளிக்கு மேலே ஏற இனி அதிகம் மலை இல்லை. இறாலும் ட்ரவுட்டும் அந்தக் குறுகிய குளிருக்குள் சேர்ந்து நெருக்கப்படும். அடுத்த முறை பூங்காவுக்குப் போகிறவர்கள் உலக முடிவைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் ஓடையோரம் கொஞ்சம் குனிந்து பாருங்கோ. தெளிந்த தண்ணீரில் நிழல்போல அசையாமல், நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது ட்ரவுட். இறாலைக் காணக் கல்லுக்கடியில் தேட வேண்டும். கல்லைப் புரட்டினால் மெதுவாகத் திரும்ப அதே இடத்தில் வையுங்கோ.